ராடோயின் வயலுக்குக் கண்ணீர் அஞ்சலி

ஜனவரி 14

சம்பந்தியம்மா டோன்கா அவர்களுக்கு,

ராடோய் எழுதுவது. நலம் விசாரிக்க அல்ல. நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்பதைப் போன வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் கேட்டோம். அந்தத் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

பேட்டரிக் கம்பெனிப் பையன் திரையில் படம் காட்டிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்று, "ரொட்டி போட்ட வயலையே வாடகைக்கு விடுற மனுசன், நாளைக்குப் பொண்டாட்டி கல்லறையையும் விட்டுடுவான்" என்றீர்கள். ஊரே சிரித்தது. உங்கள் மகள் வாழ்க்கைப்பட்ட வீடு என்ற நினைப்புக்கூட இல்லை. அங்கேயே நான் சபதம் செய்தேன்: "இந்தம்மாகிட்ட இனிமே நானா ஒரு வார்த்தை பேசினா எம்பேரு ராடோய் இல்ல." செய்தது செய்ததுதான். நீங்களும் கைபேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதாகக் கேள்வி. ஆகையால் கடிதம். பென்கா கடையில் ரொட்டி அலமாரி மேல் வைக்கிறேன். ரொட்டி வாங்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மேட்டுவயலில் பேட்டரி நிலையம் வரப்போகிறது. பகலில் சோலார் மின்சாரம் மிஞ்சும்போது வாங்கி வைத்துக்கொள்ளும், மாலையில் ஊர் விளக்குப் போடும்போது திருப்பிக் கொடுக்கும். புகை கிடையாது, நாற்றம் கிடையாது. ஒரே ஒரு இடைஞ்சல். வயலுக்கும் துணை மின்நிலையத்துக்கும் நடுவே உங்களுடைய தேனீப் பெட்டிகள் நிற்கும் துண்டு நிலம் இருக்கிறது. கேபிள் அதற்கு அடியில்தான் போயாக வேண்டும். அதற்கு வ்ராத்ஸா நகரத்து நோட்டரி முன்னால் நீங்கள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். மார்ச் முடிவதற்குள் போட்டால் போதும். கேபிள் மண்ணுக்கு அடியில் போகிறது, தேனீக்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ராடோய்


ஜனவரி 17

சம்பந்தி ராடோய் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எனக்கு முன்னால் பென்கா படித்துவிட்டாள். அடுத்த முறை உறைக்குக் கோந்து நிறையப் போடுங்கள்.

கையெழுத்து கிடையாது. இதற்கு மேல் எழுதத் தேவையில்லை, ஆனாலும் மனம் ஆறவில்லை, எழுதுகிறேன்.

நான் பதினோரு வருஷம் இத்தாலியில் அடுத்தவரைப் பெற்ற தாய் தகப்பனுக்குத் துணி மாற்றி, வாயில் ஊட்டி, செத்தால் கண்ணை மூடிவிட்டு வந்தவள். கடைசியாக வேலை பார்த்த வீட்டில் என் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் இருந்த ஒவ்வொரு கறையும் எனக்குத் தெரியும். ஊருக்கு வந்து வீடு கட்டினேன். சமையலறை ஜன்னலை எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று கொத்தனார் கேட்டான். வயல் பக்கம் என்றேன். நீங்கள் கோதுமை போட்டாலும் சூரியகாந்தி போட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான். வேலையெல்லாம் உங்களுக்கு, பார்ப்பது எனக்கு. அதை ஒரு நாளாவது சொல்லியிருக்கிறேனா? இல்லை. சொல்லியிருந்தால் அதற்கும் வாடகை கேட்டிருப்பீர்கள்.

இனி ஜன்னலைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாக இரும்புப் பெட்டிகளும் கம்பி வேலியும். கம்பெனிப் பையனை வாசலில் மடக்கிக் கேட்டேன். "சத்தம் வருமா தம்பி?" "ஃப்ரிட்ஜ் சத்தம் மாதிரி இருக்கும்மா, அவ்ளோதான்." "எத்தனை ஃப்ரிட்ஜ்?" பையன் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தான்.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி லேசில் அணைக்க முடியாதாம், எரிந்து அடங்க விட வேண்டுமாம். நம் ஊர்த் தீயணைப்பு வண்டி போன கோடையில் எப்போது வந்தது, ஞாபகம் இருக்கிறதா? வைக்கோல் போர் சாம்பலாகி, சாம்பலும் ஆறின பிறகு.

அந்த வீட்டைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் இல்லை. அதைக் கெடுக்க உங்களை விட மாட்டேன்.

டோன்கா


ஜனவரி 25

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கோந்துக்குப் பதில் டேப் ஒட்டியிருக்கிறேன். பென்காவே, இதைப் பிரித்துப் படித்தாயானால் உன் கடையில் இருக்கும் பழைய சலாமி இறைச்சி பற்றிச் சுகாதார இலாகாவுக்கு எழுதுவேன்.

சம்பந்தியம்மா, நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கும் வயலை நான் முதுகால் பார்க்கிறேன். இரண்டு முழங்காலும் போய்விட்டது. போன அறுவடைக்கு டிராக்டரிலிருந்து இறங்க முடியாமல், யாராவது வருவார்களா என்று மேலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. ஊரில் இளந்தாரி என்றால் ஐம்பத்தெட்டு வயது தபால்காரன்தான்.

கூட்டத்தில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் சொல்ல விடவில்லை. நிலையத்தைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டுமாம், மின்வேலை படித்தவனாக. கம்பெனிப் பையன் என்னிடம் கை கொடுத்துச் சொன்னான்: "ஐயா, நிலம் தர்றவங்க வீட்டு ஆளுக்குத்தான் முதல்ல கேப்போம்." நம் ஊரில் மின்வேலை படித்தவன் யார்? மான்ஹைமில் எவனோ ஒரு ஜெர்மன்காரன் வீட்டுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருக்கும் என் மகன் போயான். அவன் வந்தால் யார் வருவார்கள்? உங்கள் மகள் கலினா. கலினா வந்தால்? நம் பேத்தி நேடா. போன தடவை வந்தபோது என்னைக் கட்டிப்பிடிக்கச் சொன்னால் கை நீட்டிக் குலுக்கிய அந்தப் பிள்ளை.

வாடகைக்கு ஆசைப்பட்டு நான் வயலைக் கொடுக்கவில்லை. பிள்ளை திரும்பி வரக் கொடுக்கிறேன். ஒரு ஜன்னல் பெரிதா, பிள்ளைகள் பெரிதா? நீங்களே சொல்லுங்கள்.

ராடோய்


ஜனவரி 30

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை இன்னும் கோபம் வந்தது, ஏனென்றால் என் மகள் பெயரைத் தூண்டிலில் மாட்டியிருக்கிறீர்கள்.

போயானைக் கேட்டீர்களா? கேட்டிருப்பீர்கள். என்ன சொன்னான்? நான் சொல்லட்டுமா? "பார்க்கலாம்ப்பா" என்று சொல்லியிருப்பான். சம்பந்தி, அயலூர் போன பிள்ளை "பார்க்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம். நானும் இத்தாலியிலிருந்து என் அம்மாவிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

குதிரை வாங்கும் முன்னே லாயம் கட்டுகிறீர்கள். அதுவும் என் ஜன்னலுக்கு எதிரே. வயல் இன்னும் சாகவில்லை, ஆனால் நீங்கள் பெட்டி செய்து வைத்துவிட்டீர்கள். சாகத்தான் போகிறது என்றால் ஊர் வழக்கப்படி முறையாக அனுப்பி வைக்க வேண்டாமா? அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டோன்கா


பிப்ரவரி 27

டோன்கா அவர்களுக்கு,

சம்பந்தியம்மா என்று எழுதக் கை வரவில்லை.

நான் முந்தாநாள் காலையில் பல் பிடுங்க வ்ராத்ஸா போனேன். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மாலை பஸ்ஸில் கன்னம் வீங்கி இறங்கினால், கோயில் மணி அடிக்கிறது. யாரோ செத்திருக்கிறார்கள் என்று தொப்பியைக் கழற்றினேன். பஸ் நிறுத்தத்தில் நின்ற தபால்காரன் என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

வீட்டு முற்றம் நிறைய நாற்காலி. பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். செத்தவர்களுக்குப் படைக்கும் அவித்த கோதுமை, மூன்று பாத்திரத்தில், மேலே சர்க்கரை தூவி. எல்லார் கையிலும் சாவு வீட்டு வழக்கப்படி இரட்டைப்படையில் பூ. என் பிளம் சாராயத்தை நிலவறையிலிருந்து எடுத்து, மண்ணில் ஒரு சொட்டு எனக்காக ஊற்றிவிட்டு, மீதியை அவர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். பென்கா என்னைக் கண்டு, "அடப்பாவி, இப்படி உசுரோட வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்றாள்.

என் கதவில் உங்கள் தாள். கறுப்புக் கரை, நடுவில் வயலின் படம். "ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். ராடோயின் மேட்டுவயல் நம்மை விட்டுப் பிரிந்தது. அடக்கம் செய்பவர்: ராடோய். துயருறுவோர்: வானம்பாடிகள், தேனீக்கள், டோன்கா." நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்த ஊரில் கதவில் ஒட்டும் அஞ்சலித் தாளை முழுசாகப் படிப்பவர் யார்? கறுப்புக் கரை பார்ப்பார்கள், பெரிய எழுத்தில் பெயர் பார்ப்பார்கள், கோதுமை அவிக்க வீட்டுக்கு ஓடுவார்கள். இது உங்களுக்குத் தெரியாதா? இங்கேயே பிறந்தவர்தானே?

அதை ஒட்ட உங்களுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. என் மனைவி ஸ்டோய்னாவின் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். அவள் படத்தின் ஓரத்தில் உங்கள் பசை வழிந்திருக்கிறது.

ஊர் மணி அடிப்பதற்குள் பென்கா மான்ஹைமுக்குப் பேசிவிட்டாள். பிள்ளைகள் குழந்தையைப் போர்வையில் சுற்றிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். என் பல்லுக்காக நான் சீக்கிரமே படுத்துவிட்டேன், எனக்கு எதுவும் தெரியாது. பென்கா வெட்கத்தில் எனக்கும் சொல்லவில்லை, அவர்களுக்கும் திரும்பப் பேசவில்லை. நேற்று வந்து சேர்ந்தார்கள். நான் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டு நிற்கிறேன். போயான் கார்க் கதவைத் திறந்தவன் திறந்தபடி நின்றான். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். வளர்ந்த மகன், என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான், நான் கையில் சோளத்தோடு நின்றேன்.

இதை நான் மன்னிக்கப்போவதில்லை.

ராடோய்


பிப்ரவரி 28

சம்பந்தி அவர்களுக்கு,

ஸ்டோய்னா படத்தில் பசை பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மட்டும். அவர் நல்ல பெண். உங்களோடு முப்பத்தாறு வருஷம் இருந்தார் என்பதே சாட்சி. புதிய தாள் அடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

வயலைப் பற்றி எழுதியதில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்ப எடுக்க மாட்டேன்.

கலினா என்னிடம் கத்தினாள். "அம்மா, செர்பியா எல்லையில வண்டி வரிசையில நின்னுக்கிட்டு, அவர் எப்படி அழுதார் தெரியுமா?" எனக்குப் பதில் இல்லாமல் போனது உங்களுக்குத் தெரிந்தால் ஒரு வாரம் சந்தோஷமாக இருப்பீர்கள், இருங்கள்.

ஒரு கோரிக்கை. இருக்கும்வரை பிள்ளைகள் என் வீட்டில் தூங்கட்டும். உங்கள் வீட்டில் கணப்பு ஒரு அறையில்தான் இருக்கிறது. நேடாவுக்குச் சளி. பகலில் உங்களிடம் அனுப்புகிறேன்.

டோன்கா


மார்ச் 3

டோன்கா அவர்களுக்கு,

நேற்று மன்னிப்பு ஞாயிறு. பிள்ளைகள் என்னை இழுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தார்கள். முறை என்ன? வயதில் இளையவர் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், பெரியவர் "கடவுள் மன்னிப்பார்" என்று சொல்ல வேண்டும். நான் உங்களைவிட நான்கு வயது மூத்தவன். நீங்கள் கையில் ஹல்வாத் தட்டோடு நின்றீர்கள். நான் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றேன். நேடா நம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் திறந்திருந்தால் நானும் திறந்திருப்பேன், சத்தியமாக. கடைசியில் ஹல்வாவை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஹல்வாவில் வால்நட் போதாது.

ராடோய்


மார்ச் 11, பகல்

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சீக்கிரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆமாம், நான்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கிளம்பியபோது, போயான் என்னையும் காரில் ஏற்றி பெட்ரோல் பங்க் வரை கூட்டிப்போனான். கலினாவும் குழந்தையும் கடைக்குள் போனார்கள். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னான்: "அப்பா, நாங்க அங்க வீடு வாங்கிட்டோம். இலையுதிர்காலத்துலயே வாங்கிட்டோம். நேடா அங்க பள்ளிக்கூடத்துல சேரப்போகுது. உன் சாவுச் செய்தி வந்தப்ப, இதை உன்கிட்ட சொல்றதுக்குள்ள நீ போய்ட்டியேன்னுதான் வழியெல்லாம் அழுதேன். அத்தைகிட்ட கலினாவால சொல்ல முடியல. நீ பக்குவமா சொல்லு." அப்படியே என்னை இறக்கிவிட்டான். நான் நடந்து வந்தேன்.

என் வயலைக் கொண்டுபோய் யாரோ ஒரு முன்பின் தெரியாதவன் வேலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், சம்பந்தியம்மா. அதுதான் உண்மை. நானாகப் பின்வாங்கினால் கம்பெனி செலவையெல்லாம் என் தலையில் கட்டும், வயலே போய்விடும். ஆனால் மார்ச் முடிவதற்குள் கேபிளுக்கு வழி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக விழுந்துவிடும். நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம். இத்தனை நாளும் இருந்தபடியே பிடிவாதமாக இருந்தால் போதும். உங்களால் எனக்கு ஆகக்கூடிய உதவி அது ஒன்றுதான், அதுவும் உங்களுக்குக் கைவந்த கலை.

ஞாயிறே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. உங்கள் ஜன்னலைவிடப் பிள்ளைகள் பெரிது என்று எழுதியவன், இப்போது என்ன முகத்தோடு எழுதுவது?

இன்று காலை பஸ் நிறுத்தத்தில் உங்களைப் பார்த்தேன். நல்ல கோட்டு, தோல் பை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிட வாயெடுத்தேன். அன்றைய சபதம் நினைவுக்கு வந்தது, திரும்பிக் கம்பியையே முறுக்கினேன். பல் டாக்டரிடமோ, தேனீக்குச் சர்க்கரை வாங்கவோ போகிறீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் போனதும் உள்ளே வந்து இதை எழுதுகிறேன். திரும்பும்போது ரொட்டி வாங்குவீர்கள் அல்லவா.

ராடோய்


மார்ச் 11, வ்ராத்ஸா பஸ் நிலையம்

சம்பந்தி ராடோய் அவர்களுக்கு,

பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. காப்பி இங்கே கழனித் தண்ணீர்.

போட்டுவிட்டேன். நோட்டரி முத்திரை குத்தியாயிற்று. நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உங்களுக்காகப் போடவில்லை.

போன வாரம் ஒரு காலை. கலினா என் சமையலறை ஜன்னலில் சாய்ந்து காப்பி குடித்தாள். வயலில் கோதுமை முளை பச்சையாகத் தெரிந்தது. நேடா பின்னால் என் பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தது. மார்ச் முதல் தேதி வழக்கத்துக்கு அது கட்டிவிட்ட சிவப்பு வெள்ளை நூல் இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. கலினா சொன்னாள்: "இங்க இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்மா." அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன், அழுகை வந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு அந்த ஜன்னலில் நானே நின்று பார்த்தேன். வயல் அப்படியே இருந்தது. பார்க்க என்னைத் தவிர ஆள் இல்லை. இரும்புப் பெட்டி வரட்டும், உறுமட்டும். பேரப்பிள்ளை கத்தும் வீட்டில் அந்த உறுமல் கேட்கவா போகிறது? ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கியிருக்கிறேன். மஞ்சள் நிறம். போயானுக்கு வேலையைக் கம்பெனி எழுத்தில் தரும்படி நீங்கள் கேளுங்கள். உங்களுக்கு எழுத வரும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஹல்வாவில் வால்நட் நிறையத்தான் இருந்தது. உங்களுக்குப் பல் இல்லை.

டோன்கா


மார்ச் 12

சம்பந்தி,

நேற்று பஸ் இறங்கி, பென்கா கடையில் என் கடிதத்தை அலமாரி மேல் வைக்கப் போனேன். அங்கே உங்களுடையது இருந்தது. அங்கேயே நின்று படித்தேன். பென்கா ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

இன்று காலை முதல் பஸ்ஸில் மறுபடி வ்ராத்ஸா போய்க் கேட்டேன். போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியாதாம். "அம்மா, நேத்து ரெண்டு தடவை கேட்டேனே, யோசிச்சுட்டீங்களான்னு" என்றார் நோட்டரி. உண்மைதான், கேட்டார்.

"பார்க்கலாம்" என்றால் முடியாது என்று உங்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். என் மகள் "நல்லா இருக்கும்" என்றதும் எனக்கு ஒரு பாடமும் ஞாபகம் வரவில்லை. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மற்றதற்குச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமையே உங்களுக்குத் தெரியும். நேற்று நான் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது நீங்கள் வேலியில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நானும் உங்களைப் பார்த்தேன். கிழவன் வாயைத் திறப்பானா என்று பார்த்தேன். "டோன்கா, போகாத" என்று இரண்டே சொல். என் ஜன்னல் பிழைத்திருக்கும், உங்கள் வயல் பிழைத்திருக்கும். நீங்கள் சபதத்தைக் காப்பாற்றினீர்கள். நான் மட்டும் என்ன? ஹல்வாத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஊமை மாதிரி நின்றவள்தானே. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் நேற்று நீங்கள் திறந்திருப்பீர்கள்.

கேபிள் குழி தேனீப் பெட்டிகளுக்கு அடியில்தான் போகிறது. குழி வெட்ட வருவதற்குள் பெட்டிகளை உங்கள் தோட்டத்துப் பக்கம் நகர்த்த வேண்டும். என் ஒருத்தியால் தூக்க முடியாது. உங்கள் முழங்கால் எனக்குத் தெரியும், இருந்தாலும் வேறு ஆள் இல்லை. நாளைக் காலை, வெயில் ஏறித் தேனீ வெளியே வருவதற்கு முன்னால் வேலிக்கு வாருங்கள். திட்டுவதானால் அங்கே வந்து திட்டுங்கள், நானும் திட்டுவேன்.

இனி எழுதாதீர்கள். நானும் எழுத மாட்டேன்.

டோன்கா